மதியம் 41 டிகிரி, ராத்திரி முட்டளவு தண்ணீர்: கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த கேள்விக்கு என் பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் கீழ்த்தளத்தில் வாடகை வீடு. மாமியாருக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. குழந்தைக்கு 4 வயது. கணவர் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கத்திரி முடிந்த பிறகும் ஐந்து நாளாக வெயில் 40, 41 என்று நிற்கிறது. வானிலை மையமோ "மாலை அல்லது இரவில் இடியுடன் கூடிய கனமழை, தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கலாம்" என்கிறது. இவ்வளவு வெயிலில் வெள்ளம் எப்படி வரும், நிஜமாகவே வருமா, வீட்டில் என்ன செய்து வைப்பது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

வரும், சகோதரி. வெயில் இப்படி அடிப்பதால்தான் வருகிறது. நீங்கள் இரண்டையும் தனித்தனித் தொல்லையாகப் பார்க்கிறீர்கள். வானத்துக்கு அது ஒரே நாளின் வேலை. மதியம் கடல்காற்று எத்தனை மணிக்கு உங்கள் தெருவுக்குள் வந்தது என்று கவனித்தாலே அன்றைய ராத்திரியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். நான் தண்டையார்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளவு குறித்துவைப்பது என் பழக்கம். அந்த நோட்டில் ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டினால் பெரிய மழைக்கு முந்தைய வரிகளில் "கடல்காத்து லேட்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

அது ஏன் என்று பார்ப்போம். ஏப்ரலில் இங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கடல்காற்று பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கெல்லாம் உள்ளே நுழைந்துவிடும். அதனால் வெயில் 36, 37 டிகிரியோடு நின்றுபோகும். மே கடைசியில் மேற்குக் காற்று பலப்படும். ஆந்திரத்தின் கொதிக்கும் தரையையும் நம் உள்மாவட்டங்களையும் கடந்து, மலை இறங்கி, ஈரம் இல்லாமல் வருகிற காற்று அது. கடல்காற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். இரண்டு மணிக்கு மேல்தான் கடல்காற்று வந்தது என்றால் அன்றைக்கு 40 நிச்சயம். கத்திரி முடிந்ததும் வெயில் குறையும் என்று பெரியவர்கள் சொல்வது சென்னைக்குப் பல வருஷம் பொருந்துவதில்லை. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிக அதிக வெப்பம் 45 டிகிரி. அது 2003 மே 31-ம் தேதி, கத்திரி முடிந்த பிறகு வந்தது. அந்த மே மாதம் வங்கக் கடலில் சுற்றிய ஒரு புயல் மியான்மர் பக்கம் போய்க் கரை கடந்து, ஈரத்தைத் தன்னோடு கொண்டுபோனது.

"வெப்ப அலை என்று அறிவிக்கவே இல்லையே, அப்படியானால் ஆபத்து இல்லையா" என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவிப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடலோர ஊர்களில் 37 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதோடு அந்தத் தேதிக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அல்லது 45-ஐத் தொட வேண்டும். ஜூன் தொடக்கத்தில் சென்னையின் வழக்கமான அளவே 37, 38 தான். ஆக 41 டிகிரி அடித்தாலும் கணக்குப்படி அது வெப்ப அலை ஆகாது. உங்கள் மாமியாரின் உடம்புக்கு இந்தக் கணக்கு தெரியாது. கூடவே நம் ஊரில் புழுக்கம் சேருகிறது. வேலூரில் 41 அடித்தால் வியர்வை உடனே காய்ந்து உடம்பு குளிரும். ராயபுரத்தில் சாயங்காலம் 34 டிகிரிதான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடம்புக்கு அது 46 போலத்தான். வியர்வை வழிகிறது, காய மாட்டேன் என்கிறது. வடசென்னையில் வெயில் ஆளைச் சாய்ப்பது உச்சி வெயில் நேரத்தில் மட்டும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், நெருக்கமான சுவர்களும் பகலெல்லாம் குடித்த சூட்டைத் திருப்பிக் கக்குகிற ராத்திரியிலும்தான்.

சரி, மழைக்கு வருவோம். பால் காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். மேலே ஆடை படிந்து அமைதியாக இருக்கும், அடியில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ஆடை ஓரத்தில் கிழிந்ததும் இரண்டு விநாடியில் பொங்கி அடுப்பில் வழியும். வெயில் காலத்து வானமும் அப்படித்தான். தரையோடு ஒட்டிய காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான வறண்ட அடுக்கு, ஆடை மாதிரி, மூடிக்கொண்டிருக்கிறது. இன்னும் மேலே குளிர்ந்த காற்று. கடல்காற்று தாமதமாக உள்ளே புகுந்து, எதிரே வரும் மேற்குக் காற்றோடு மோதுகிற கோட்டில், காற்று போக்கிடம் இல்லாமல் மேலே எழும்புகிறது. ஆடை கிழிகிறது. அரை மணி நேரத்தில் 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் வளர்ந்துவிடும். அந்தக் கோடு பெரும்பாலும் திருத்தணி, சோளிங்கர், அரக்கோணம், ஊத்துக்கோட்டை பக்கம் நான்கு, ஐந்து மணிக்கு உருவாகும். மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டிருந்தால் அந்த மேகங்களை அப்படியே நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஏப்ரலில் உள்ளே இடி இடித்தாலும் நமக்கு ஒரு சொட்டு வராததற்கும், ஜூனில் ராத்திரி எட்டு, ஒன்பதுக்குக் கதவை உடைக்கிற மாதிரி வருவதற்கும் இந்த மேல்காற்றுதான் காரணம். "அந்தி மழை அழுதாலும் விடாது" என்று சும்மா சொல்லவில்லை.

2023 ஜூன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெயில் தாங்க முடியவில்லை என்று பள்ளிக்கூடம் திறப்பதையே ஜூன் 12-க்கும், சின்ன வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிவைத்தார்கள். பிள்ளைகள் புதுப் பையை மாட்டிக்கொண்டு போய் ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. ஜூன் 18 ராத்திரி ஆரம்பித்த மழை விடிய விடியக் கொட்டி, 19-ம் தேதி மழைக்காகவே சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் விடுமுறை விட்டார்கள். மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. பதிவானது. அதற்கும் முன்னால் 1996 ஜூன் நடுவில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 35 செ.மீ. கொட்டியது. ஜூன் வெள்ளம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

ஆனால் வடசென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத ராத்திரி 2025 ஆகஸ்ட் 30. எச்சரிக்கைப் பட்டியலில் பெரிய புயலும் இல்லை, காற்றழுத்தத் தாழ்வும் சென்னைக்கு நேரே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மணலியின் மேல் ஒரு இடிமேகக் கூட்டம் நின்றது, நகரவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 செ.மீ.க்கு மேல் கொட்டியது. காலையில் கணக்கெடுத்தபோது மணலியில் 27 செ.மீ., விம்கோ நகரில் 23 செ.மீ. மேகவெடிப்பு என்று வானிலைத் துறையே சொன்னது. ஒரு சின்ன வட்டாரத்தில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அளவுகோல். அதே ராத்திரி தென்சென்னையில் பல இடங்களில் மழை அதைவிட மிகக் குறைவு. இப்படிப்பட்ட மழையை "எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு" என்று முந்தின நாளே சொல்ல உலகத்தில் எவராலும் முடியாது. "வடமாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று அறிவிப்பு வரும்போது, அந்த ஓரிரு இடம் நம்முடையதாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

10 செ.மீ. என்றால் எவ்வளவு என்பது நிறையப் பேருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இடத்தில் 10 செ.மீ. மழை விழுந்தால் 22,000 லிட்டருக்கு மேல். மெட்ரோ வாட்டரின் 9,000 லிட்டர் லாரியில் இரண்டரை லாரி. மணலி அளவுக்கு 27 செ.மீ. விழுந்தால் கிட்டத்தட்ட ஏழு லாரித் தண்ணீரை ஒவ்வொரு கிரவுண்டு மேலும் சில மணி நேரத்தில் கவிழ்த்த மாதிரி. மழைநீர் வடிகால் எதுவும் அந்த வேகத்துக்காகக் கட்டப்பட்டதில்லை.

இப்போது உங்கள் தெருவுக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. நம் பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான், தட்டையான நிலம். தண்ணீர் தானாக ஓடச் சரிவு கிடையாது. வடிகால்கள் ஓட்டேரி நல்லா என்ற கால்வாயிலும் கேப்டன் காட்டன் கால்வாயிலும் பக்கிங்காம் கால்வாயிலும் போய் விழுகின்றன. ஓட்டேரி நல்லா அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து பேசின் பாலத்துக்குப் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாயில் சேருகிறது. வடக்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். முகத்துவாரத்தில் மண் மூடிக் கிடந்தாலோ, அந்த நேரம் கடல் ஏற்றமாக இருந்தாலோ தண்ணீர் எங்கே போகும்? கால்வாய் நிரம்பி நிற்கும், வடிகால் வாய் மூழ்கும், தெருத் தண்ணீர் தெருவிலேயே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம். காசிமேட்டில் வலை பின்னுகிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் இன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்வார். மழை அந்த நேரத்தோடு சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டியது நாலு மணி நேரம் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையின் ஏற்பாடு முழுக்க அக்டோபரைக் கணக்கில் வைத்தது. வடிகால் தூர்வாருவது, மோட்டார் பம்பு வாடகைக்கு எடுப்பது, சுரங்கப்பாதையில் ஆள் போடுவது எல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சூடு பிடிக்கும். ஜூன் மழை வரும்போது வடிகாலுக்குள் போன வருஷத்து மண்ணும் பிளாஸ்டிக்கும் அப்படியே இருக்கும். கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் புது வடிகால் கட்டுகிற வேலை வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. அதனால் பயன் அடைந்த தெருக்களை நானே பார்க்கிறேன். ஆனால் வேலை பாதியில் நிற்கும் இடத்தில், தோண்டிய குழி தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இன்றைக்குப் பகலிலேயே உங்கள் தெருவில் எங்கே குழி, எங்கே மூடி இல்லாத மேன்ஹோல் என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். வடிகால் வாயில் கவர், இலை அடைத்திருந்தால் அதை மட்டும் எடுத்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். மாநகராட்சிக்கு 1913-ல் புகார் சொல்லலாம், மழைக்கு முன்னாலேயே.

ஒரு வதந்தியைப் பற்றி. மழை நாலு சொட்டு விழுந்ததும் "புழல் ஏரியைத் திறந்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். புழல் உபரி நீர் வடகரை, கிராண்ட்லைன், சாமியார்மடம், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் வழியாகப் போகும் என்ற எச்சரிக்கை நவம்பர், டிசம்பரில் வந்தால் அதைத் தலைமேல் வைத்து மதிக்க வேண்டும். ஜூனில் 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த ஏரி நிரம்பி வழிவது அரிது. கோடை இடிமழையில் நமக்கு வரும் தண்ணீர் வானத்திலிருந்து நேரே நம் தலையில் விழுந்தது. ஏரிச் செய்திக்காகக் காத்திருந்து ஏமாறாதீர்கள்.

இனி நாளைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். பகலில் முதல் கவனம் மாமியார் மேல். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்டால் "வேணாம்மா" என்பார்கள். கேட்காமலே மணிக்கு ஒரு டம்ளர் கொடுங்கள். மோர், நீராகாரம், கூழ் எல்லாம் நல்லது. உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டிய அளவு. சர்க்கரை வியாதி உள்ளவர் என்பதால் அதைச் சும்மா குடிக்கக் கொடுக்க வேண்டாம், வாந்தி, பேதி, அதிக வியர்வை இருந்தால் மட்டும். அவருடைய பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகம் போகவைக்கிற வகை இருக்கிறதா என்று மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேளுங்கள். இருந்தால் இந்த வாரம் உடம்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், நீங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லித்தான் மாற்ற வேண்டும். ஈரத் துண்டைக் கழுத்திலும் கையிலும் போட்டு ஃபேன் காற்றில் உட்காரவைத்தால் மாத்திரை மருந்து எதையும்விட வேகமாகக் குளிரும்.

பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது சாதாரண மயக்கம் இல்லை. 108-க்குக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெப்ப அலையை 2024-ல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வைத்திருக்கிறது. அந்த அளவுக்குப் பெரிய விஷயம் இது. "வெயில்தானே" என்று விடக் கூடாது.

மூன்று மணிக்குமேல் மேற்கே பாருங்கள். மொட்டை மாடிக்குப் போனால் பெரம்பூர், அம்பத்தூர் திசையில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளையாக ஒரு மேகம் எழும்பும். அதன் தலை தட்டையாகி எல்லாப் பக்கமும் பரவ ஆரம்பித்தால் அது முழு இடிமேகம். துறைமுகத்தில் இருக்கும், மழைமேகத்தைக் காட்டும் டாப்ளர் ராடாரின் படத்தை வானிலைத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதைப் படிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்: சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, அடுத்தடுத்த படத்தில் கடலை நோக்கி வருகிறதா, அங்கேயே நிற்கிறதா, இவ்வளவுதான். ஊர்ந்து வந்து கடந்துபோகிற திட்டு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். நம் தலைக்கு மேல் நின்றுகொண்டு பின்னாலேயே புதுத் திட்டு முளைத்துக்கொண்டே இருந்தால் அதுதான் மணலி ராத்திரி. மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்புகளும் வரும். மின்னலுக்குத் தாமினி செயலி, மொத்த எச்சரிக்கைக்கு டி.என். அலர்ட் செயலி, இரண்டையும் கணவர் போனிலும் போட்டுவிடுங்கள். எல்லாவற்றையும்விட எனக்கு உதவுவது திருவள்ளூரில் இருக்கும் என் அத்தை மகன். அவன் "மாமா, இங்க கொட்டுது" என்று போன் போட்டால் எனக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஆவடியில் யாராவது சொன்னால் முக்கால் மணி நேரம்கூட இல்லை.

மேற்கிலிருந்து திடீரென்று ஜில்லென்று புழுதிக் காற்று அடித்து, மண் வாசனை வந்தால் பத்து, பதினைந்து நிமிஷம்தான். இந்தக் காற்றுதான் தகர ஷீட்டுகளையும் பேனரையும் தூக்கி எறிவது. குழந்தை உள்ளே வர வேண்டும். காயப்போட்ட துணிக்காக மாடிக்கு ஓடாதீர்கள். வடசென்னையில் இடி மழையில் ஆபத்தில் மாட்டும் வேலைகளில் இதுவும் ஒன்று. மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடிச் சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளேயே இருங்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுங்கள்.

இப்போது முக்கியமான ஒன்று. கீழ்வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வாசலைத்தான் பார்ப்பார்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் ராத்திரி எங்கள் கீழ்வீட்டு அக்கா வாசல்படியில் நின்று துடைப்பத்தால் தண்ணீரைத் தெருப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தெருவில் கணுக்கால் அளவுகூட இல்லை. நான் டார்ச்சை உள்ளே அடித்தபோது கட்டில் கால் நனைந்திருந்தது. குளியலறையில் தரைச் சல்லடை வழியாகக் களக், களக் என்று சத்தத்தோடு கறுப்பாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. பாதாளச் சாக்கடையில் மழைத் தண்ணீர் கலந்து நிரம்பினால், தெருவைவிடத் தாழ்ந்த வீட்டுக்குள் அது பின்பக்கமாகத்தான் முதலில் ஏறும். வாசலில் மணல் மூட்டை போட்டுப் பயனில்லை. கெட்டியான பாலித்தீன் பையில் மணலோ ஈரத் துணியோ அடைத்து நன்றாகக் கட்டி, கக்கூஸ் வாயிலும் தரைச் சல்லடையிலும் அழுத்தி, மேலே கனமான கல் வையுங்கள். மழை தொடங்குமுன் செய்ய வேண்டும். தண்ணீர் வந்த பிறகு பை மிதக்கும். வீட்டுக்காரரிடம் பேசி பிளம்பரை வைத்து வெளியே போகும் குழாயில், தண்ணீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் பல வருஷத் தொல்லை தீரும். கேளுங்கள், வாடகைக்கு இருப்பவர் கேட்கக் கூடாதது ஒன்றும் இல்லை அது. சம்ப்பு மூடியையும் சுற்றி அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குடிதண்ணீரில் சாக்கடை கலக்கும்.

மின்சாரத்தில் தயவுசெய்து சோம்பல் வேண்டாம். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இன்வெர்ட்டர் பேட்டரி, மோட்டார் சுவிட்ச் எல்லாம் முதலில் மேலே போக வேண்டும். வாசல்படியைத் தண்ணீர் தொட்டதும், உங்கள் கால் காய்ந்த இடத்தில் இருக்கும்போதே, மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்கப் போகாதீர்கள். மின்கசிவு வந்ததும் கரன்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். தெருவோர மின்பெட்டி பாதி மூழ்கியிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், 94987 94987-ல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். காலிச் சிலிண்டர் மிதந்து ட்யூபை இழுக்கும்.

யாரும் சொல்லாத நேரம் ஒன்று இருக்கிறது: மழை விட்ட பிறகு வரும் மூன்று, நான்கு மணி நேரம். வெயில், வெள்ளம் இரண்டும் அங்கே ஒன்றாகச் சேருகின்றன. கரன்ட் இல்லை, ஃபேன் இல்லை, தெருத் தண்ணீருக்காகவும் கொசுவுக்காகவும் ஜன்னலை மூடியாகிவிட்டது, சுவர் இன்னும் சுடுகிறது, காற்றில் ஈரப்பதம் 90-ஐத் தொடுகிறது. பகலெல்லாம் களைத்துப்போன வயதானவர் அந்த அறைக்குள் கிடக்கிறார். மழை பெய்து குளிர்ந்துவிட்டது என்று எல்லோரும் அவரை மறந்துவிடுவார்கள். அதனால் இன்றைக்கே மாடிவீட்டுக்காரரிடம் பேசிவையுங்கள்: "ராத்திரி தண்ணி வந்தா அத்தைய மேல கூட்டிட்டு வரலாமா அக்கா?" வேண்டாம் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் முட்டளவு வந்த பிறகு, இருட்டில், 71 வயதுக்காரரைப் படி ஏற்றுவது மிகக் கஷ்டம். மழை வலுத்ததுமே ஏற்றிவிடுங்கள். மாத்திரை டப்பா, ரேஷன் கார்டு, ஆதார், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே ஜிப் கவரில் அவரோடு போகட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால், பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குமேல் இன்சுலினைத் தண்ணீர் படாத சின்ன டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் வையுங்கள்.

உங்கள் கணவருக்கு இரண்டே சொல்கிறேன். மணலி, எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும்போது பகலில் கேபின் அடுப்பாக இருக்கும். ஐந்து லிட்டர் கேனும் ஈரத் துண்டும் எப்போதும் இருக்கட்டும், தலை சுற்றினால் ஓட்டக் கூடாது. மின்னல் நேரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு கேபினுக்குள்ளேயே இருப்பது நல்லது, இரும்புக் கூடு மின்னலை வெளிப்பக்கமாகவே தரைக்கு அனுப்பிவிடும். இறங்கிப்போய் மரத்தடியிலோ கன்டெய்னருக்குப் பக்கத்திலோ ஒதுங்க வேண்டாம். டூவீலரில் வீடு திரும்பும்போது வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு பஸ் போய்விட்டது என்பது நம் வண்டி போகும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அன்றைக்கு ராத்திரி வர முடியாவிட்டால் அங்கேயே தங்கட்டும், நீங்கள் போனில் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விடிந்த பிறகு தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், காலில் வெட்டு, புண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். அது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை; சாக்கடையும் எலி மூத்திரமும், நம் பகுதியில் சில சமயம் எண்ணெயும் கலந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் படிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் "வெள்ளத் தண்ணியில நடந்தேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சம்ப்புத் தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடரால் கழுவும்வரை லாரித் தண்ணீரையும் காய்ச்சியே குடியுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

அப்புறம், சுவரில் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதிவையுங்கள். அடுத்த தடவை பிரிட்ஜை எத்தனை செங்கல் மேல் ஏற்றுவது என்று அந்தக் கோடுதான் சொல்லும். வீட்டுக்காரரிடம் வால்வு கேட்கும்போதும் அதையே காட்டலாம்.